தமிழ் வழியில் படித்துவிட்டு எம்.பி.பி.எஸ். முதலாண்டு: வகுப்பு ஓடவில்லை, வைவாவில் வாய் வரவில்லை

கீழ்வானம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளா படிச்சுக்கிட்டு மட்டும்தான் இருந்தேன். இன்னைக்கு எழுதியே ஆகணும்னு தோணுச்சு.

ஆறாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளி, தமிழ் வழி. நீட்டும் தமிழ்லதான் எழுதினேன். அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுல ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில சீட் கிடைச்சது. கல்லூரி பேர் வேண்டாமே. எங்க தெருவுல ஃப்ளெக்ஸ் வெச்சு, பள்ளிக்கூடத்துல சால்வை போட்டு அனுப்பினாங்க.

இப்போ அனாடமி முதல் இன்டர்னல் முடிஞ்சிருக்கு. பாஸ் மார்க் பக்கத்துலகூட நான் இல்லை. அதைவிட வைவா, அதான் வாய்மொழித் தேர்வு, அதுதான் தூங்க விடமாட்டேங்குது. சார் கையில ஸ்கேபுலாவை, அதான் தோள்பட்டை எலும்பை, கொடுத்து எந்தப் பக்கத்து எலும்புன்னு கேட்டார். ரைட்னு சொல்லிட்டேன். எப்படிச் சொல்றேன்னு கேட்டார். கிளினாய்டு குழி வெளிப்பக்கம் பார்க்கணும், ஸ்பைன்ங்கற முகடு பின்னாடி வரணும். எனக்குத் தெரியும். ஆனா இங்கிலீஷ்ல வாக்கியமா வரலை. "சார், திஸ்..."னு அப்படியே நின்னேன். சார் திட்டவெல்லாம் இல்லை, "நெக்ஸ்ட்"னார், அவ்வளவுதான்.

சௌராசியாவோட அனாடமி புத்தகத்துல ஒரு பக்கம் தாண்டுறதுக்குள்ள விடிஞ்சிடும் போல இருக்கு. தசைப் பேர், நரம்புப் பேரெல்லாம் மனப்பாடம் ஆகிடுது. நடுவுல வர்ற இங்கிலீஷ்தான் காலை வாருது. "லைஸ் டீப் டு", "இஸ் பியர்ஸ்டு பை", "வைண்ட்ஸ் ரவுண்ட்" இப்படி. நரம்பு எதுக்கு மேல போகுது, எதுக்கு அடியில போகுது, எதைத் துளைச்சுக்கிட்டு வருதுங்கறது எல்லாம் அதுலதானே இருக்கு? வகுப்புல கேக்கலாம்னா பக்கத்துல இருக்கறவங்க எல்லாம் தலையாட்டிக்கிட்டு இருக்காங்க. நான் மட்டும் எப்படிக் கை தூக்குறது?

இதே வழியில வந்து பாஸ் பண்ணினவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. வீட்டுல இன்னும் எதுவும் சொல்லலை.

---

டூட்டி_ரூம் எழுதியது:

தங்கச்சி, நானும் தமிழ் வழிதான். இப்போ சி.ஆர்.ஆர்.ஐ. பண்றேன், அதான் கடைசியில வர்ற கட்டாய இன்டர்ன்ஷிப். அதனால முதல்ல பயத்தைக் குறைக்கிற விஷயத்தைச் சொல்லிடறேன். இன்டர்னல் மார்க் உன்னை வீட்டுக்கு அனுப்பாது. முதலாண்டுப் பல்கலைத் தேர்வுக்கு மொத்தம் நாலு வாய்ப்பு இருக்கு. மெயின்ல போனா சப்ளிமென்டரி உண்டு, அதுல பாஸானா உன் பேட்ச்சோடவே போகலாம். ஆனா அட்டெண்டன்ஸ்ல மட்டும் விளையாடாதே. தியரிக்கு 75, பிராக்டிகலுக்கு 80 சதவீதம் இல்லைன்னா பரிட்சையே எழுத முடியாது. வகுப்பு புரியலைன்னு ஹாஸ்டல்ல படுத்துக்கறதுதான் நம்ம ஆளுங்க பண்ற பெரிய தப்பு. எங்க பேட்ச்ல பிரேக் ஆகி ஜூனியர் பேட்ச்சுக்குப் போனவங்க கதையெல்லாம் பெரும்பாலும் அங்கதான் ஆரம்பிச்சது.

ரெண்டாவது, நீ இப்போ பார்க்கறது எம்.பி.பி.எஸ்.ஸோட ஒரு மூலைதான். அனாடமி, ஃபிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூணும் புத்தகமும் பிணமும். ரெண்டாவது வருஷம் வார்டுக்குப் போனதும் ஆட்டமே மாறும். ஒரு ராத்திரி கேஷுவால்ட்டியில நடந்ததைச் சொல்றேன்.

ஐம்பது வயசு ஆள், பூச்சி மருந்து குடிச்சுட்டார்னு தூக்கிட்டு வந்தாங்க. பாட்டில் கொண்டு வரலை. கூட வந்த மச்சான் "வயலுக்கு அடிக்கிற மருந்துங்க" என்கிறதைத் தவிர ஒண்ணும் சொல்லலை. கூட இருந்த நண்பன் நல்லாப் படிக்கிறவன், நகரத்துப் பையன். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லின்னு நினைச்சு, அதுக்கு மாற்று மருந்தான அட்ரோபினை லோடு பண்ணச் சொல்லி நர்ஸ் அக்காகிட்ட கேட்டுட்டான். நான் கண்ணைப் பார்த்தேன். பாவை சுருங்கலை. எச்சில் ஒழுகலை, வேர்க்கலை, அந்த விஷத்துக்கு வர்ற பூண்டு மாதிரி நாத்தமும் இல்லை. மச்சானைத் தனியா கூட்டிட்டுப் போய், "என்ன பயிர் போட்டிருக்கீங்க, கடைசியா எப்ப மருந்து அடிச்சீங்க, புழுவுக்கா, கோரைக்கா?"ன்னு கேட்டேன். "கோரைக்குத்தான் தம்பி, நாளைக்கு அடிக்கறதுக்கு வாங்கி வெச்சிருந்தோம்"னார். அப்புறம் ஆள் அனுப்பி பாட்டிலை எடுத்துவரச் சொன்னா, அது பாராக்வாட், களைக்கொல்லி. அதுக்கு அட்ரோபின் வேலையே இல்லை. அவசரமா ஆக்ஸிஜன் வைக்கிறதுகூட நுரையீரலுக்குக் கெடுதல்தான், ரொம்பக் குறைஞ்சாத்தான் கொடுக்கணும். யூனிட் சீஃப் வந்து என்கிட்ட கேட்ட முதல் கேள்வி, "புழுவா கோரையான்னு கேக்கணும்னு உனக்கு எப்படித் தோணுச்சு?" எங்கப்பா தோள்ல ஸ்பிரேயர் மாட்டி நான் பார்த்திருக்கேன், அவ்வளவுதான்.

அந்த நோயாளியைக் காப்பாத்த முடியலை. பாராக்வாட்டுக்கு மாற்று மருந்து கிடையாது. ஆனா முதல் மணி நேரத்துல தப்பான மருந்து போகாம இருந்தது.

படிக்கிறதுக்குத் தமிழ்ல நிறைய அனாடமி வீடியோ வருது, அதையும் பாரு. வீட்டுல சொல்லிடு. அவங்க நினைக்கிற அளவுக்கு உடைஞ்சுபோக மாட்டாங்க.

---

ரெண்டாவது_ரேங்க் எழுதியது:

கோபப்படாம படிங்க. நுழைவுத் தேர்வுல மார்க் குறைஞ்சவங்களுக்குக் கதவைத் திறந்தா உள்ளே இதுதான் நடக்கும். நல்ல மார்க் வாங்கியும் சீட் கிடைக்காம ரெண்டாவது வருஷம் நீட்டுக்கு ரிப்பீட் பண்ற பிள்ளைங்க எத்தனை பேர் இருக்காங்க? நாளைக்கு நோயாளிக்கு என்ன பதில்? இந்தத் தங்கச்சியைச் சொல்லலை, பொதுவாச் சொல்றேன்.

---

திண்ணை எழுதியது:

"பொதுவாச் சொல்றேன்" என்று ஒட்டிவிட்டால் சொன்னது மாறிவிடாது.

கொஞ்சம் பின்னால் போவோம். நீட் வந்தபின் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவத்துக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணலாம் என்ற நிலை வந்தது. நீதிபதி கலையரசன் ஆணையம் 10 சதவீதம் பரிந்துரைத்தது. அரசு 7.5 என்று சட்டம் இயற்றி, ஆளுநர் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்து, 2020 அக்டோபர் கடைசியில்தான் அது நடைமுறைக்கு வந்தது. வழக்கும் போட்டார்கள். 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. யாரோ இரக்கப்பட்டுப் போட்ட பிச்சை இல்லை இது.

இன்னொன்று. நீட்டில் 180 கேள்வி, 720 மார்க். அதில் பாதி உயிரியல், மீதி இயற்பியலும் வேதியியலும். கைக்குப் போகும் நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்சஸ் அதில் எங்கே வருகிறது? வட்டமிட்டு விடை குறிப்பதில் கெட்டிக்காரர் வைவாவில் வாய் திறப்பார் என்று எந்த விதி? 7.5-இல் வந்தாலும் பொதுப்பிரிவில் வந்தாலும் பல்கலைத் தேர்வு ஒன்றுதான், கேள்வித்தாள் ஒன்றுதான், பாஸ் மார்க்கும் ஒன்றுதான். அதைத் தாண்டித்தான் வெளியே வர முடியும். நோயாளிக்குப் பதில் அங்கே இருக்கிறது.

---

ரெண்டாவது_ரேங்க் எழுதியது:

சட்டம் பேசலை நான். தகுதி பேசறேன். ரெண்டும் வேற.

---

நடத்துநர் எழுதியது:

நீட் வேண்டுமா வேண்டாமா என்று பேச இங்கே ஏற்கெனவே தனி இழை ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே போய்ச் சண்டை போடுங்கள். இங்கே கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டும் பதில்.

---

மழைச்சாரல் எழுதியது:

நான் ரெண்டாவது வருஷம். சென்னை, பன்னிரண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியம். கீழ்வானம், தலையாட்டறவங்களைப் பத்தி எழுதியிருந்தீங்க இல்லையா? அந்தத் தலையில ஒண்ணு என்னுது. சத்தியமா சொல்றேன், கரு வளர்ச்சி பத்தின எம்ப்ரியாலஜி வகுப்புல ஒரு வார்த்தை எனக்குப் புரிஞ்சதில்லை. குடல் சுத்துறதை, 270 டிகிரி திரும்புதுன்னு சொல்லிக்கிட்டே சார் கையை ஆட்டுவார், நாங்க எல்லாரும் தலையை ஆட்டுவோம். ஹாஸ்டலுக்கு வந்து ஒருத்தியை ஒருத்தி பார்ப்போம்.

என் ரூம்மேட் தமிழ் மீடியம். முதல் ரெண்டு மாசம் அவ என்கிட்ட எதுவுமே கேக்கலை. நானும் அவ அமைதியான டைப்னு நினைச்சுக்கிட்டேன். அப்புறம் பயோகெமிஸ்ட்ரி லேப்ல சர்க்கரை இருக்கான்னு பார்க்கற பெனடிக்ட் டெஸ்ட். எனக்கு நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் சிவப்பு ஆகுறது மட்டும்தான் மனப்பாடம். ஏன் மாறுதுன்னு சார் கேட்டார், முழிச்சேன். அவ மெதுவா தமிழ்ல சொன்னா, தாமிரம் ஒடுக்கமடையுதுன்னு. பிளஸ் டூ வேதியியலை நல்லாவே படிச்சிருக்கா. அன்னைக்கு ராத்திரியிலிருந்து ஏற்பாடு இதுதான்: அவ எனக்குத் தமிழ்ல விஷயத்தைச் சொல்லுவா, நான் அதையே இங்கிலீஷ்ல திருப்பிச் சொல்லுவேன், அவ அதைக் கேட்டு மறுபடி சொல்லுவா. ரெண்டு பேரும் முதல் வாய்ப்புலயே பாஸ். அவளுக்கு ஃபிசியாலஜியில என்னைவிட அதிகம், இன்னும் வயித்தெரிச்சல்தான் எனக்கு.

குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்துல கிராமத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்களே, போனீங்களா? போகும்போது பாருங்க. வாசல்ல நின்னுக்கிட்டு என்ன பேசறதுன்னு தெரியாம நாங்க முழிக்கறப்ப, அவ உள்ளே போய் அடுப்பங்கரையில உக்காந்து அந்தம்மாவோட சர்க்கரை மாத்திரைக் கதையை வாங்கிட்டு வந்துடுவா.

ரூம்மேட்கிட்ட பேசுங்க. யாராவது ஒருத்தர் போதும்.

---

கொங்குக்காற்று எழுதியது:

எல்லாரும் பிள்ளையை இங்கிலீஷுக்குத் தயார் பண்றீங்களே, மருத்துவத்தைத் தமிழில் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று ஒருவராவது கேட்டீர்களா? மத்தியப் பிரதேசத்தில் 2022-லேயே இந்தியில் முதலாண்டுப் புத்தகம் போட்டுவிட்டார்கள். ஜப்பானில் ஜப்பானிய மொழியில்தான் டாக்டர் ஆகிறார்கள். நமக்கு மட்டும் என்ன கேடு?

---

எலும்புக்கூடம் எழுதியது:

அரசுக் கல்லூரிகளில் அனாடமி சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். கொங்குக்காற்று கேட்டதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்தப் பெண்ணின் பிரச்சினை.

அம்மா, டயக்னோசிஸை நீயே போட்டுவிட்டாய். நடுவில் வரும் இங்கிலீஷ்தான். தசை, நரம்புப் பெயர்கள் லத்தீனும் கிரேக்கமும். அவை உன் வகுப்பில் ஒருவருக்கும் தாய்மொழி கிடையாது. ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்டு முன்னால் கான்வென்ட்டும் பஞ்சாயத்து யூனியன் பள்ளியும் ஒன்றுதான். உனக்கு உதைப்பது இணைப்புச் சொற்கள். அனாடமி புத்தகம் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் இந்த இணைப்புச் சொற்கள் திரும்பத் திரும்ப வருபவை. எதிலிருந்து கிளம்புகிறது, எதில் போய் ஒட்டுகிறது, எதற்கு மேலாக, எதற்கு ஆழத்தில், எதைத் துளைத்து, எதைச் சுற்றி, எதோடு சேர்ந்து, எதாகப் பிரிந்து. எழுதி எண்ணிப் பார், ஒரு நோட்டில் இரண்டு பக்கம் தாண்டாது. மேல் கை முடிவதற்குள் எல்லாமே வந்துவிடும். கால், வயிறு, கழுத்து எல்லாவற்றுக்கும் அதே சாமான்தான். பொது இங்கிலீஷ் இலக்கணப் புத்தகம் வாங்கி உட்காராதே, நேரம் வீண்.

இனி வைவா. புத்தகத்தை மூடு, ஹியூமரஸை, அதாவது மேல்கை எலும்பை, கையில் எடு. தலை உள்பக்கமாக, மேல் நோக்கி, சற்றே பின்னால் பார்க்கும்படி பிடி. எந்தக் கைப்பக்கம் அப்படிப் பொருந்துகிறதோ, அந்தப் பக்கத்து எலும்பு. இப்போது வாய்விட்டுச் சொல்: "திஸ் இஸ் த ரைட் ஹியூமரஸ். த ஹெட் ஃபேசஸ் மீடியலி, அப்வர்ட்ஸ் அண்ட் பேக்வர்ட்ஸ். த ஒலிக்ரனன் ஃபாசா இஸ் ஆன் த போஸ்டீரியர் சைட்." அவ்வளவுதான் பக்கம் சொல்வது. எலும்பு மாறும், வாக்கியத்தின் சட்டம் மாறாது. உன் ஸ்கேபுலாவுக்கும் இதே மூன்று வரிதான்: கிளினாய்டு எங்கே பார்க்கிறது, ஸ்பைன் எந்தப் பக்கம், இன்ஃபீரியர் ஆங்கிள் எங்கே.

அடுத்து, விரலை எலும்பின் மேல் ஓட்டு. ஹியூமரஸில் மூன்று இடத்தில் நரம்பு எலும்போடு ஒட்டிப் போகிறது. சர்ஜிக்கல் நெக்கைச் சுற்றி ஆக்ஸிலரி. தண்டின் பின்பக்கப் பள்ளத்தில் ரேடியல். உள்பக்க எபிகாண்டைலுக்குப் பின்னால் அல்னார். அங்கங்கே எலும்பு முறிந்தால் என்ன ஆகும்? முதலாவதில் டெல்டாய்டு செயலிழக்கும், கையைப் பக்கவாட்டில் தூக்க வராது. இரண்டாவதில் மணிக்கட்டு தொங்கிவிடும். மூன்றாவதில் விரல்கள் பறவையின் நகம்போல் மடங்கும். எக்ஸாமினர் ஹியூமரஸைக் கையில் கொடுத்தால் பெரும்பாலும் இந்த மூன்று இடத்தைத்தான் சுற்றி வருவார். நானும் அப்படித்தான் சுற்றி வந்தேன். மாணவி விரலைச் சரியான பள்ளத்தில் வைத்து, "சார், ரேடியல் நெர்வ், ரிஸ்ட் டிராப்" என்று இரண்டே சொல் சொன்னாலும் மார்க் போடுவேன். இலக்கணமாகப் பேசிக்கொண்டு விரலைத் தப்பான பக்கம் வைத்தவர்களுக்குப் போட்டதில்லை.

எழுத்துத் தேர்வுக்குப் படம். அனாடமிக்கு இரண்டு தாள், தாளுக்கு 100. நூற்றுக்கணக்கில் பேப்பர் திருத்துகிறவர் கண்ணில் முதலில் விழுவது தலைப்பும் படமும். பிரேக்கியல் பிளெக்சஸ் கேட்டால் ஐந்து வேர், மூன்று தண்டு, ஆறு பிரிவு, மூன்று கார்ட், ஐந்து கிளை, இதை மனதிலிருந்து மூன்று நிமிடத்தில் போடப் பழகு. சி5-லிருந்து டி1 வரை குறி. மேல் தண்டு உருவாகும் இடத்தில் ஒரு வட்டம் போட்டு எர்ப்ஸ் பாயின்ட் என்று எழுது. பிரசவத்தில் தோள் சிக்கி, தலையை இழுக்கும்போது அங்கே கிழிந்தால் குழந்தையின் கை எப்படித் தொங்கும் என்று இரண்டு வரி. ஒரு பக்கத்துக்குமேல் இங்கிலீஷே தேவைப்படாது. திசுக்களைப் பற்றிய ஹிஸ்டாலஜிக்கு இரண்டே பென்சில், ஊதாவும் இளஞ்சிவப்பும்.

டூட்டி_ரூம் தம்பி வீடியோ பார்க்கச் சொன்னார். பார்க்கட்டும். ஆனால் எலும்பைத் தொடுவதற்கு முன்னால் வேண்டாம். வீடியோ பார்த்தால் புரிந்துவிட்ட மாதிரி இருக்கும், வைவா மேசைக்கு வந்தால் தெரியும். டிசெக்‌ஷன் டேபிளில் பின்வரிசையில் நிற்காதே. மொழி வராதவர்கள் தாமாகவே பின்னால் போய் நிற்பதைப் பல பேட்ச்சில் பார்த்திருக்கிறேன். ஸ்கால்பெலை வாங்கி நீ வெட்டு. நரம்பைக் கையால் பிரித்து எடுத்தவள் அது எதற்கு அடியில் போகிறது என்று எந்தப் புத்தகத்தையும் கேட்க வேண்டாம்.

கொங்குக்காற்று, உங்கள் கேள்வி நியாயமானது. பதில் எனக்கு இரண்டு மனதாக இருக்கிறது. கேவிட்டி, கேப்ஸ்யூல் எல்லாவற்றையும் நான் வகுப்பில் தமிழில்தான் விளக்கினேன், வகுப்பு விழித்துக்கொண்டது. பாடநூல்கள் சிலவும் தமிழில் வந்திருக்கின்றன, நன்றாகவே இருக்கின்றன. ஆனால் தேர்வு இங்கிலீஷ், மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. இங்கிலீஷ், மருந்துச் சீட்டு இங்கிலீஷ். இந்த வருடம் சேர்ந்த பிள்ளையிடம் உலகம் மாறும்வரை பொறு என்று சொல்ல எனக்கு வாய் வராது. புத்தகம் தமிழில் வரட்டும், பரிட்சையிலும் எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம் என்று வரட்டும். அதுவரை இவள் பாஸ் ஆக வேண்டும்.

---

மானிப்பாயான் எழுதியது:

சேர் சொன்னது அத்தனையும் சரி. எங்கட பக்கத்துக் கதையையும் ஒருக்காச் சொல்லுறன்.

நான் யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில படிச்சனான். இலங்கையில உயர்தரம் தமிழிலயோ சிங்களத்திலயோதான் அனேகமான பிள்ளையள் எழுதுறது. பிறகு இசட் ஸ்கோர் எண்ட சமப்படுத்தின புள்ளி, மாவட்டக் கோட்டா எல்லாம் பாத்து எடுத்து, பீடத்துக்குள்ள போன உடன முழுக்க ஆங்கிலம். அப்ப எங்கட வகுப்பில ஆருக்குமே விளங்கேல்லை. முதல் வரிசையில இருந்தவனுக்கும் விளங்கேல்லை, கடைசி வரிசையில இருந்த எனக்கும் விளங்கேல்லை. எல்லாரும் சேந்து முழிச்சதால ஒருத்தருக்கும் வெக்கம் வரேல்லை. "சேர், திருப்பிச் சொல்லுங்கோ" எண்டு கேக்கிறது அங்க சாதாரணம். தங்கச்சியின்ர வகுப்பில பாதிப் பேருக்கு ஆங்கிலம் வரும், அதால வராத ஆக்கள் ஒளிக்கினம். படிப்பின்ர கஷ்டம் ரெண்டு இடத்திலயும் ஒண்டுதான். ஒளிக்க வேண்டி வந்ததுதான் அங்க கூடுதலாச் சேந்த சுமை.

தமிழில மருத்துவம் எண்டு கேட்ட அண்ணைக்கு: அது ஏற்கெனவே நடந்தது. எங்கட ஊரில, மானிப்பாயில. அமெரிக்க மிஷனில இருந்து வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் 1848-ல ஆங்கிலத்திலதான் படிப்பிக்கத் தொடங்கினவர். பிறகு 1860களில முழுக்கத் தமிழுக்கு மாத்தினவர். அனாடமி, பிரசவம், சத்திரசிகிச்சை எண்டு புத்தகங்களையும் தன்ர மாணவரோட சேந்து தமிழாக்கினவர். ஆங்கிலத்தில படிச்சவங்கள் சம்பளம் தேடிக் கொழும்புப் பக்கம் போயிடுவாங்கள், தமிழில படிச்சால் ஊர்ச் சனத்தோட இருப்பாங்கள் எண்டது அவற்ற கணக்கு. அவருக்குப் பிறகு அந்த ஏற்பாடு நிலைக்கேல்லை. வேலையும் அரச பதவியும் ஆங்கிலத்தோட இருந்தால் பிள்ளையள் எங்க போகும்? சேர் இப்ப சொன்ன அதே சிக்கல்தான்.

---

கொங்குக்காற்று எழுதியது:

இதைப் பள்ளிக்கூடத்தில் எவனும் எனக்குச் சொல்லவில்லை. நன்றி மானிப்பாயான். ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. ஒரு தனி ஆள் நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் செய்ததை ஒரு மாநில அரசு இன்று செய்ய முடியாதா?

---

அரூர்_அப்பா எழுதியது:

ஐயா, அம்மா எல்லோருக்கும் வணக்கம். என் மகனும் இந்த வருடம் அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் சேர்ந்திருக்கிறான். நான் செங்கல் சூளையில் வேலை. படிப்பு விஷயம் எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். எலும்பு, ஸ்டெதாஸ்கோப், புத்தகம் என்று ஒரு பெரிய லிஸ்ட் அனுப்பியிருக்கிறான். எல்லாம் உடனே வாங்க வேண்டுமா? பையனிடம் கேட்டால் மனசு கஷ்டப்படுவான்.

---

டூட்டி_ரூம் எழுதியது:

ஐயா, வேண்டவே வேண்டாம். 7.5-இல் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசே கட்டுகிறது, தனியார் கல்லூரியாக இருந்தாலும். கையிலிருந்து போவது இந்தச் சில்லறைச் செலவுதான், அதிலும் பாதி தேவையில்லை. எலும்பு செட் சீனியர்கிட்ட இருந்து ஜூனியருக்குக் கைமாறிக்கொண்டே போகும், விடுதியில் கேட்டாலே கிடைக்கும். புத்தகமும் அப்படித்தான், லைப்ரரியிலும் உண்டு. முதலாண்டில் வெள்ளைக் கோட்டு இரண்டு, டிசெக்‌ஷன் பாக்ஸ் ஒன்று, ரெக்கார்ட் நோட்டு. ஸ்டெத்தை அவசரப்பட்டு வாங்க வேண்டாம், ஃபிசியாலஜி பிராக்டிகலுக்கு நண்பனுடையது போதும். வார்டு போஸ்டிங் ஆரம்பித்ததும் நடுத்தரமாக ஒன்று பார்த்து வாங்கலாம். பையனை இங்கே வந்து எழுதச் சொல்லுங்கள், என்னிடம் இருக்கும் புத்தகங்களை அனுப்புகிறேன். காசு வேண்டாம்.

---

ரெண்டாவது_ரேங்க் எழுதியது:

என்கிட்டயும் ஃபிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி புத்தகம் இருக்கு, பழசுதான். என் கருத்து மாறலை. ஆனா புத்தகம் சும்மாதான் கிடக்குது, முகவரி சொன்னா அனுப்பறேன்.

---

திண்ணை எழுதியது:

அனுப்புங்கள். மற்றதைத் தனி இழையில் பார்த்துக்கொள்வோம்.

---

கீழ்வானம் எழுதியது:

எல்லாரும் இவ்வளவு எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்லை. அம்மாகிட்ட சொல்லிட்டேன். "அதுக்கென்ன, தையல் மெஷின் புதுசா வந்தப்ப எனக்கும் மூணு மாசம் ஊசி உடைஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு, சாப்பிட்டியான்னு கேட்டாங்க.

ரூம்மேட்கிட்டயும் பேசினேன். அவளுக்கு எம்ப்ரியாலஜி சுத்தமா புரியலையாம்! மழைச்சாரல் அக்கா சொன்ன மாதிரியே ராத்திரி ஆரம்பிச்சிருக்கோம். நேத்து டேபிள்ல முன்னாடி போய் நின்னேன். ஆக்ஸிலாவை, அதான் அக்குளை, பிரிக்கறப்ப கொழுப்பை எடுக்க எடுக்க நரம்புக் கார்டெல்லாம் வெள்ளைக் கயிறா வந்துச்சு. ஃபார்மலின்ல கண்ணு எரிஞ்சு தண்ணியா ஊத்துது, ஆனா மீடியன் நெர்வ் எங்கிருந்து ரெண்டு வேர் எடுத்துச் சேருதுன்னு பார்த்துட்டேன். அந்தப் பாடத்தை ராத்திரி படிக்கறப்ப சீக்கிரம் ஓடுச்சு.

ஆனா ஒரு சந்தேகம். மனசு ரொம்ப அடைச்சுக்கிட்டா காலேஜ்ல யார்கிட்ட போறது? டிபார்ட்மென்ட்ல சொன்னா மார்க்குல கை வைப்பாங்களோன்னு சிலர் பயப்படறாங்க. எனக்காக மட்டும் கேக்கலை, இன்னொருத்திக்காகவும்.

---

மழைச்சாரல் எழுதியது:

மார்க்குல எல்லாம் கை வைக்க மாட்டாங்க. கல்லூரியில 'மனம்'னு மனநல நல்லாதரவு மன்றம் இருக்கும், சைக்கியாட்ரி டிபார்ட்மென்ட் நடத்தறது. அங்க போகத் தயக்கமா இருந்தா 14416-க்குப் போன் பண்ணுங்க. டெலி மானஸ், இலவசம், தமிழ்ல பேசலாம். பேரு சொல்லணும்னு இல்லை. அந்தத் தோழியைத் தனியா விடாதீங்க, போன் பண்றப்ப கூட உக்காருங்க. பரிட்சைக்கு முந்தின வாரம் வரைக்கும் தள்ளிப் போடாதீங்க.

---

எலும்புக்கூடம் எழுதியது:

அதைச் செய். பிறகு ஒரு வேலை. ஸ்கேபுலாவைப் பற்றிப் பத்து வாக்கியம் இங்கிலீஷில் எழுதி இங்கே போடு. புத்தகத்தைப் பார்க்காமல், எலும்பைப் பார்த்து. தமிழ் எழுத்திலேயே எழுது, பரவாயில்லை. எல்லோரும் பார்ப்பார்களே என்று யோசிக்காதே, அதற்காகத்தான் கேட்கிறேன்.

---

கீழ்வானம் எழுதியது:

சார், போடறேன். தப்பா இருந்தா சிரிக்காதீங்க.

திஸ் இஸ் த ரைட் ஸ்கேபுலா. த கிளினாய்டு கேவிட்டி ஃபேசஸ் லேட்டரலி. த ஸ்பைன் இஸ் ஆன் த டார்சல் சைட். த இன்ஃபீரியர் ஆங்கிள் இஸ் பிலோ. இட் லைஸ் ஃப்ரம் செகண்ட் ரிப் டு செவன்த் ரிப். சப்ஸ்கேபுலாரிஸ் அரைஸஸ் ஃப்ரம் த காஸ்டல் சர்ஃபேஸ். சுப்ராஸ்பைனேடஸ் இஸ் அபவ் த ஸ்பைன், இன்ஃப்ராஸ்பைனேடஸ் இஸ் பிலோ. செரேடஸ் ஆன்டீரியர் இஸ் இன்செர்டட் இன்டு த மீடியல் பார்டர். இஃப் இட்ஸ் நெர்வ் இஸ் கட், விங்கிங் ஆஃப் ஸ்கேபுலா கம்ஸ். ஆக்ஸிலரி நெர்வ் பாஸஸ் த்ரூ த ஸ்பைனோகிளினாய்டு நாட்ச்.

---

மானிப்பாயான் எழுதியது:

சோக்காச் சொல்லிப்போட்டாய் தங்கச்சி!

---

எலும்புக்கூடம் எழுதியது:

ஒன்பது சரி. கடைசி வாக்கியம் தப்பு. ஸ்பைனோகிளினாய்டு நாட்ச் வழியாக இன்ஃப்ராஸ்பைனேடஸுக்குப் போவது சுப்ராஸ்கேபுலர் நரம்பு. ஆக்ஸிலரி போவது தசைகளுக்கு நடுவே உள்ள குவாட்ராங்குலர் ஸ்பேஸ் வழியாக, அதற்கு எலும்பில் வெளி எல்லை ஹியூமரஸின் சர்ஜிக்கல் நெக், ஸ்கேபுலா இல்லை. இரண்டு எலும்பையும் சேர்த்து வைத்துப் பார், தெரிந்துவிடும். ஆறாவது வாக்கியத்தோடு, அந்தத் தசை எங்கே போய் ஒட்டுகிறது என்று சேர்த்துக்கொள்: லெஸ்ஸர் டியூபர்கிள். வைவாவில் அடுத்த கேள்வியாக அதைத்தான் கேட்பார்கள். எலும்பு சிறகுபோல் துருத்துகிற விங்கிங் சொன்னாய் அல்லவா, எந்த நரம்பு என்று பெயர் சொல்லாமல் விட்டுவிட்டாய். லாங் தொராசிக், சி5, 6, 7.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ரேடியஸ். அரூர்க்காரர் மகனும் போடட்டும்.